கரிசல் நாட்டிலிருந்து மலைக்கும் கடலுக்கும்

பூகோளப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு அருப்புக்கோட்டையை நடுவாகக் கொண்டு பார்த்தால், மேற்கே சதுரகிரி மலையும் தென்கிழக்கே வேம்பார்க் கடற்கரையும் அவ்வூரிலிருந்து ஏறக்குறையச் சம தூரத்தில், நேர்க்கோட்டில் 60 கிலோமீட்டருக்குள்ளாகவே அமைந்திருப்பது தெரியவரும். இவ்விரண்டுக்கும் இடையே கிடக்கும் பூமியோ பருத்தியும் மிளகாயும் உளுந்தும் விளைகின்ற கரிசல்; ஆண்டு முழுவதும் பெய்வதைக் கூட்டினாலும் 800 மில்லிமீட்டரை ஒட்டியே நிற்கும் மழையை நம்பி, ஊருக்கு ஊர் கண்மாய் வெட்டி வைத்துக்கொண்டு, தலைமுறை தலைமுறையாக வானத்தை அண்ணாந்து பார்த்தே வாழ்ந்துவந்த ஜனங்களின் நாடு. மேகம் கறுத்தால் இங்கே மனம் குளிரும். இடி முழங்கினால் விதைப் பெட்டியைத் தேடிக் கை போகும். ஆனால் மழையை விரும்பி அழைத்தே பழகிய ஒருவன் மழைக்கு அஞ்சவேண்டிய இடத்திலும் காலத்திலும் அஞ்சத் தெரியாதவனாகிவிடுகிறான் என்பதும், தன் தலைக்கு மேலுள்ள வானத்தையே எல்லாத் திசைக்கும் உரிய வானமாக எண்ணிப் பிரயாணம் புறப்பட்டுவிடுகிறான் என்பதும், நான் நெடுங்காலமாகக் கவலையோடு கவனித்துவரும் விஷயங்கள்.

இதிலே விபரீதம் என்னவென்றால், இந்தப் பிரதேசத்து மக்கள் வீட்டை விட்டு வெளியூர் கிளம்புகின்ற காலமும், மலையும் கடலும் மிகக் கடுமையாக இருக்கின்ற காலமும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. கார்த்திகை முதல் நாள் மாலை அணிந்தவர்கள் ராஜபாளையம், செங்கோட்டை வழியாகவோ கம்பம், குமுளி வழியாகவோ சபரிமலைக்குப் போகிறார்கள். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் சதுரகிரிக்குப் போகிறார்கள். மார்கழிப் பனியில் திருச்செந்தூருக்கும், தைப்பூசத்தை முன்னிட்டுப் பழனிக்கும் பாதயாத்திரை நடக்கிறார்கள். தை அமாவாசைக்கு மானாமதுரை வழியாக இராமேசுவரத்துக்கு ரயில் ஏறுகிறார்கள். அரையாண்டு விடுமுறைக்குக் குழந்தைகளை அழைத்துக்கொண்டு கோடைக்கானல் செல்லுகின்ற குடும்பங்களும் இப்போது மிகுதி. ஐப்பசி தொடங்கித் தை வரையில் உள்ள இந்த நான்கு மாதங்களில், வறண்ட நாட்டவர் மலையின் மேலும் கடலின் ஓரத்திலும் நிற்பதைப்போல் வேறு எக்காலத்திலும் நிற்பதில்லை.

இக்காலத்து மழையைத் தருவது வடகிழக்குப் பருவக்காற்று. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களிலேயே பெய்துவிடுகிறது. ஆடி, ஆவணியில் மேற்கிலிருந்து வரும் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் மறுபுறத்திலேயே தன் ஈரத்தைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் வெறும் புழுதியை மட்டும் கிளப்பிக்கொண்டு வருகிறது. சூரியன் தெற்கே சாய்ந்து, ஆசியாக் கண்டத்தின் வட பாகம் குளிர்ந்து, அங்கே வாயுவின் அழுத்தம் ஓங்கிய பிறகு, காற்று திசை மாறி வடகிழக்கிலிருந்து வீசத் தொடங்குகிறது. நிலத்திலிருந்து வறண்டு புறப்படும் அந்தக் காற்று வங்காள விரிகுடாவின் வெதுவெதுப்பான நீர்ப்பரப்பைக் கடக்கும்போது ஆவியை வாரிக்கொண்டு நம் கரையை அடைகிறது. மேற்கே போகப் போக அதற்கு எதிரே மலை நிற்கிறது. ஆடியில் எந்த மலை நமக்கு மழையை மறைத்ததோ, அதே மலையின் கிழக்குச் சரிவு கார்த்திகையில் மழையைப் பிழிந்து எடுக்கிறது.

கடலின் நீர் போதிய அளவு வெப்பமாக இருந்து, பூமி சுழலுவதன் விளைவாகக் காற்றுக்குக் கிடைக்கும் திருப்பமும் போதிய அளவு இருந்தால், அந்த ஆவிமண்டலம் சுழன்று புயலாகிறது. இந்தத் திருப்பம் பூமத்திய ரேகையில் முற்றிலும் இல்லை. அதிலிருந்து விலக விலகக் கூடுகிறது. ஆகவே ரேகைக்கு மிக அருகில் புயல் தோன்றுவது அபூர்வம் என்று விஞ்ஞானிகள் கூறுவர். ஆனால் அபூர்வமானது நிகழவே நிகழாதது அன்று. 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் தேதி, அந்தமானுக்குத் தெற்கே, ரேகைக்கு அண்மையிலேயே ஒரு தாழ்வு மண்டலம் உருவாயிற்று. 19-ஆம் தேதி அது புயலாக வலுத்தது. அதன் பிறகு வடக்கே வளையாமல், ஏறத்தாழ நேர் மேற்காக, நாளொன்றுக்கு 400 முதல் 550 கிலோமீட்டர் வரையில் ஓடிவந்து, 22-ஆம் தேதி இலங்கையின் வவுனியாப் பகுதியைத் தாக்கி, அன்றிரவே தனுஷ்கோடியின்மேல் இறங்கியது.

அந்நாளில் விருதுநகர் மாவட்டம் என்று ஒன்று கிடையாது. அது 1985-இல் பிரிந்தது. அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் தனுஷ்கோடியும் ஒரே இராமநாதபுரம் மாவட்டத்து ஊர்கள். ஒரே ஜில்லாவின் மேற்குக் கோடியில் அடுத்த மழைக்கு ஏங்கிக்கொண்டிருக்கும் கரிசல். கிழக்குக் கோடியில், வடபுறம் பாக் நீரிணையும் தென்புறம் மன்னார் வளைகுடாவும் மோதும் ஒரு மணல் திட்டின்மேல், ரயில் நிலையமும் சுங்கச் சாவடியும் தபால் ஆபீசும் மாதா கோயிலும் கொண்ட துறைமுகப் பட்டணம். சென்னையிலிருந்து வரும் போட் மெயிலில் இறங்கி, நீராவிக் கப்பலில் ஏறித் தலைமன்னாருக்குப் போகும் வழி அதுதான். அந்த 22-ஆம் தேதி நள்ளிரவை நெருங்குகையில், பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட 653-ஆம் எண் பாசஞ்சர் வண்டி, ஊரை எட்டுவதற்குச் சற்று முன்பாகக் கடலில் அடித்துச் செல்லப்பட்டது. பதிவான கணக்கின்படி அதில் 110 பிரயாணிகளும் 5 ரயில்வே ஊழியர்களும் இருந்தார்கள், ஒருவரும் பிழைக்கவில்லை. ஊரும் அழிந்தது. மனிதர் வசிப்பதற்கு ஏற்ற இடமன்று என்று அரசாங்கம் பின்னர் அதை அறிவித்துவிட்டது.

கரையேறியபோது அந்தப் புயற்காற்றின் வேகம் மணிக்கு 280 கிலோமீட்டர் அளவில் இருந்ததாக மதிப்பிடுகிறார்கள். வேகம் இரட்டித்தால் காற்றின் அழுத்தம் இரட்டிப்பதில்லை. நான்கு மடங்காகிறது என்பதை ஒவ்வொரு பிரயாணியும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். மணிக்கு 58 கிலோமீட்டர் வேகமுள்ள காற்று, எதிர்ப்பட்ட சுவரில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 16 கிலோ எடைக்கு ஈடாக அழுத்துகிறது. 280 கிலோமீட்டர் வேகத்துக் காற்றோ 370 கிலோவுக்கு ஈடாக அழுத்துகிறது. ஒரு ரயில் பெட்டியின் பக்கவாட்டை 60 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், முதல் காற்று அதை ஒரு டன் எடையாலும் இரண்டாவது காற்று 22 டன் எடையாலும் புறம் தள்ளுகின்றன. 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் பாலத்தில் காற்றுமானியை நிறுவி, மணிக்கு 58 கிலோமீட்டரைக் காற்று தாண்டினால் வண்டிகளை நிறுத்திவிடும் ஏற்பாடு செய்திருந்தது வெறும் சம்பிரதாயம் அன்று. பாலத்தின் இரு முனைகளிலும் வண்டி அசையாமல் நிற்கும்போது, பிரயாணிகளில் சிலர் ‘இவ்வளவு காற்றுக்கா பயப்படுகிறார்கள்!’ என்று சலித்துக்கொள்ளுவதுண்டு. அந்தச் சலிப்பு நியாயமற்றது. 1964-இல் அப்பாலத்தின் 146 கண்களில் 126 கண்களின் இரும்பு உத்தரங்கள் கடலுக்குள் போயின. இ. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளரின் மேற்பார்வையில் அவை 46 நாட்களில் மீண்டும் ஏற்றி நிறுத்தப்பட்டது இந்திய ரயில்வேயின் சரித்திரத்தில் ஒரு பெருமைக்குரிய அத்தியாயம். 2025 ஏப்ரலில் அதன் அருகே புதிய பாலம் திறக்கப்பட்ட பிறகும், பெருங்காற்றில் வண்டியை நிறுத்திவைக்கும் கட்டுப்பாடு தேவையற்றதாகிவிடவில்லை.

ஆயினும் தனுஷ்கோடியைக் கொன்றது காற்று மட்டுமன்று, நீர். தாம்பாளத்தில் ஊற்றிய நீரின்மேல் ஒரு பக்கமாக வாயால் ஊதினால் எதிர் விளிம்பில் நீர் ஏறி வழிவதைக் காணலாம். புயற்காற்று கடலின்மேல் செய்வதும் அதையே. ஆழமான கடலில் தள்ளப்பட்ட நீர் அடியாகத் திரும்பிச் சென்றுவிட இடம் உண்டு. பாக் நீரிணையோ பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஆழமே உள்ள கடல். தள்ளப்பட்ட நீருக்கு அங்கே திரும்ப வழியில்லாமல் கரைமேல் ஏறுகிறது. புயலின் மையத்தில் வாயு அழுத்தம் குறைவதனாலும் கடல்மட்டம் சற்று உயரும்: ஒரு மில்லிபார் குறைவுக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம், 50 மில்லிபார் குறைந்தால் அரை மீட்டர். இவற்றோடு அலையின் உயரமும் சேர, அன்றிரவு 7 மீட்டர் உயரத்துக்கு நீர் எழுந்து வந்ததாகச் சொல்லப்படுகிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரிரு மீட்டரே தலைகாட்டும் மணல் திட்டில் இதற்கு எதிராக நிற்கக்கூடியது எதுவும் இல்லை.

இராமேசுவரத் தீவின் மீனவர்கள் பாக் நீரிணையைப் பெண்கடல் என்றும் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் வழங்குவர். மற்றக் காலங்களில் குளம்போல் கிடக்கும் பெண்கடல் வாடைக்காற்றுக் காலத்தில் கொந்தளிக்கும். அப்போது அவர்கள் வள்ளங்களைத் தென்கரைக்கு மாற்றிக்கொள்ளுவார்கள். தீவுக்குச் செல்லும் உள்நாட்டு யாத்திரிகனோ எந்தக் கரையில் தான் நிற்கிறான் என்பதைக்கூடப் பாராமல், இரண்டையும் ஒரே கடலாக நினைத்து இறங்கிவிடுகிறான். புயலின் கண் என்று சொல்லப்படும் நடுப்பாகம் கடக்கும்போது காற்று திடீரென்று அடங்கி, வானத்தில் நட்சத்திரம்கூடத் தெரியலாம். அதை முடிவு என்று நம்பி வெளியே வந்தவர்களைச் சிறிது நேரத்திற்கெல்லாம் எதிர்த்திசையிலிருந்து வரும் காற்று வாரிக்கொள்ளும். புயலைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த ஒரு செய்தியை எத்தனை முறை திருப்பிச் சொன்னாலும் மிகையாகாது.

இனி மலைக்கு வருவோம். 30 பாகை உஷ்ணமுள்ள காற்று ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 பாகையில் 17 கிராமே தாங்கும். 10 பாகையில் 9 கிராமுக்குச் சற்று மேல். மலைச்சரிவில் மோதி மேலே ஏறும் காற்று ஒவ்வொரு கிலோமீட்டர் உயரத்துக்கும் ஆறு முதல் பத்துப் பாகை வரையில் குளிர்ந்துகொண்டே போகிறது. தாங்க முடியாத ஆவியை அது கீழே விட்டே ஆகவேண்டும். மேகம் நகராமல் ஒரே மலைமுகட்டில் நின்று இரவு முழுவதும் இவ்வாறு இறைத்துக்கொண்டிருக்கும்போது, அடிவாரத்துச் சமவெளியில் நிலவு காய்ந்துகொண்டிருப்பது சர்வசாதாரணம்.

சதுரகிரிக்குத் தாணிப்பாறையிலிருந்து ஏறுகிறவர்கள் மாங்கேணி ஓடை, சங்கிலிப்பாறை ஓடை முதலியவற்றைக் கடந்தே போகவேண்டும். போகும்போது கணுக்கால் நனையாமல் கல்லுக்குக் கல் தாண்டிப் போன அதே ஓடை, திரும்பும்போது மார்பளவு சீறிக்கொண்டிருக்கும். மேலே மூன்று பக்கமும் செங்குத்தான பாறைச் சரிவுகள். மண் ஆழம் குறைவு. பெய்த நீரில் பெரும்பகுதி அப்படியே வழுக்கிக்கொண்டு ஒரே ஓடையில் வந்து விழுகிறது. மழை பெய்த இடத்துக்கும் மனிதன் நிற்கும் இடத்துக்கும் இடையே கிடைக்கும் அவகாசம் சில நிமிஷங்கள்தான். 2015-ஆம் ஆண்டு மே மாதத்தில் இப்படி வந்த காட்டாற்று வெள்ளம் பக்தர்களின் உயிரைக் கொண்டுபோயிற்று. அது கோடைமழையின் வேலை. கோடையிலேயே அப்படியென்றால் கார்த்திகையைப் பற்றிக் கேட்கவேண்டுவதில்லை. மழை எச்சரிக்கை உள்ள நாட்களில் வனத்துறையார் மலையேறத் தடை விதிக்கும்போது, ஊரில் வெயில் அடிக்கிறதே என்று வாதாடுகிறவர்கள் பெரும்பாலும் நம்மைப்போன்ற கரிசல்காட்டுக்காரர்களே.

மலை கடலுக்குத் தூரம் என்று எண்ணுவதும் தவறு. 2018 நவம்பர் 16-ஆம் தேதி நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயல், தென்னந்தோப்புகளை அழித்த கையோடு உள்நாட்டுக்குள் புகுந்து, திண்டுக்கல் வட்டாரத்தைக் கடந்து, கோடைக்கானல் மலைப்பாதைகளில் மரங்களைச் சாய்த்தும் மண்ணைச் சரித்தும் போக்குவரத்தை அறவே நிறுத்தி, அதன் பிறகே அரபிக்கடலில் இறங்கிற்று. நனைந்து கனத்த மண், வேரோடு பிடித்து நிற்கும் பலத்தை இழக்கிறது. சாலைக்காக வெட்டப்பட்ட சரிவின் காலடியில் பிடிமானம் ஏற்கெனவே இல்லை. இரண்டும் சேர்ந்தால் சரிவுதான். மழை நின்று மறுநாள் வெயில் அடித்த பிறகும், உள்ளே ஊறிய நீர் மெல்ல மெல்லக் கீழிறங்கிக்கொண்டிருப்பதால் சரிவு நிகழலாம். ஆகவே மழை விட்டதும் முதல் வண்டியாகப் போய்விட வேண்டும் என்ற ஆத்திரம் மலைப்பாதைக்கு ஏற்றதன்று.

மலையிலிருந்து இறங்குவதில் வேறோர் அபாயம் உண்டு. அதை எண்களால் சொன்னால் தெளிவாகும். 12 டன் எடையுள்ள பேருந்து ஒன்று கோடைக்கானலின் உயரத்திலிருந்து சமவெளிக்கு 1800 மீட்டர் இறங்கும்போது, அந்த உயரம் தந்த சக்தி முழுவதையும் எங்கேனும் வெப்பமாகக் கரைத்தாக வேண்டும். 700 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் அது. அவ்வளவையும் நான்கு சக்கரங்களின் பிரேக்குகளே தாங்க வேண்டுமென்று காலால் மிதித்துக்கொண்டே வந்தால், பிரேக் கட்டைகள் காய்ந்து, பிடிப்பை இழந்து, அடுத்த கொண்டை ஊசி வளைவில் மிதித்தும் வண்டி நிற்காமல் போகும். எந்தக் கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்று பழைய மலை டிரைவர்கள் சொல்லிக்கொடுப்பதன் தத்துவம் இதுதான்: அந்த வெப்பத்தில் பெரும்பாகத்தை எஞ்சினே ஏற்றுக்கொண்டு வெளியே தள்ளிவிடும். 2022 டிசம்பரில் சபரிமலையிலிருந்து இரவில் திரும்பிக்கொண்டிருந்த தேனி மாவட்டத்துப் பக்தர்களின் கார் ஒன்று குமுளி மலைப்பாதையில் பள்ளத்தில் விழுந்து எண்மர் மாண்டனர். சமவெளியில் மட்டுமே ஓட்டிப் பழகியவர், தூக்கமும் குளிரும் மூடுபனியும் சேர்ந்து கண்ணை மறைக்கும் நேரத்தில், ராத்திரியோடு ராத்திரியாக ஊர் சேர்ந்துவிடலாம் என்று மலை இறங்கத் துணியக் கூடாது. அடிவாரத்தில் ஓர் இரவு தங்குவதால் விரதத்துக்குப் பங்கம் எதுவும் இல்லை.

கடலும் மலையும் நாம் தேடிப் போகும் அபாயங்கள். நம்மைத் தேடி வருவது குண்டாறு. வருசநாட்டு மலைத்தொடரின் கிழக்குச் சரிவில், சாப்டூர்ப் பக்கத்தில் பிறந்து, திருமங்கலத்தைக் கடந்து, தலபுராணத்தில் கௌண்டின்ய நதி என்று போற்றப்படும் பெருமையோடு திருச்சுழியைத் தொட்டுக்கொண்டு, கமுதி வழியாக மன்னார் வளைகுடாவை நாடும் இந்த ஆறு, ஆண்டில் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். ஆட்டுக்கிடைகள் நடுவாற்றில் கடந்து போகும். பிள்ளைகள் அதில் பந்தாடும். மலையையும் கரிசலையும் கடலையும் ஒரே நூலில் கோக்கும் இந்த ஆற்றைப் புரிந்துகொண்டால் இந்நாட்டு வெள்ளத்தின் இயல்பு முழுவதும் விளங்கிவிடும்.

முதலில் கரிசல் மண்ணையே பார்க்கவேண்டும். புரட்டாசியில் கரிசல்காட்டில் நின்றால், முழங்கை வரை உள்ளே விடக்கூடிய வெடிப்புகள் காலடியில் ஓடிக்கொண்டிருக்கும். ஐப்பசியின் முதல் மழையில் வரப்போரம் வழிந்து வரும் கலங்கல் நீர் ஒரு வெடிப்பின் விளிம்பை அடைந்ததும் மேலே செல்லாமல் அங்கேயே கவிழ்ந்து, மளமளவென்ற ஓசையோடு உள்ளே இறங்கிவிடும். வெடிப்பின் ஓரத்து மண் பொருபொருவென்று உதிர்ந்து அதன்கூடவே விழும். எவ்வளவு பெய்தாலும் நிலம் குடித்துக்கொண்டே இருக்கும். மான்ட்மோரில்லோனைட் என்னும் களிமண் வகை இதில் மிகுதி. அதன் நுண்ணிய தகடுகளுக்கிடையே நீர் புகுந்ததும் மண் பருத்து விரிகிறது. இரண்டு மூன்று மழைக்குப் பிறகு வெடிப்புகள் யாவும் மூடிக்கொண்டுவிடும். நடந்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். மாட்டின் குளம்பில் அப்பிக்கொண்டு விடாது. அந்த நிலைக்கு வந்துவிட்ட கரிசல், அடுத்துப் பெய்யும் மழையில் ஒரு சிறு பகுதியைத்தான் உள்ளே விடும். ஆக, இங்கே ஐப்பசியின் முதல் மழையைவிடக் கார்த்திகையின் நான்காவது மழையே அபாயகரமானது. மழையின் அளவு இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம். ஓடி வருகின்ற வெள்ளம் ஒன்றாக இராது.

அடுத்தது கண்மாய்ச் சங்கிலி. மேல் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அது கீழ்க் கண்மாய்க்குப் போகும். அது நிறைந்தால் அதற்கும் கீழே. இது முன்னோரின் மகத்தான ஏற்பாடு. பெரு மழையைத் துண்டு துண்டாகப் பிரித்து நிறுத்திவைக்கும் தந்திரம். ஆனால் மேலே ஒரு கண்மாயின் கரை உடைந்தால், பல நாள் மழை ஒரு மணி நேரத்தில் கீழே வருகிறது; ஏற்கெனவே நிறைந்து தளும்பும் கீழ்க் கண்மாய் அதைத் தாங்குவதற்கில்லை. ‘கம்மா மறுகா பாயுது’ என்ற செய்தி ஊருக்குள் வந்ததும் மாலையும் தேங்காயுமாக ஜனங்கள் வேடிக்கை பார்க்கப் போவது பல கிராமங்களில் வழக்கம். நீரைத் தெய்வமாகக் கும்பிடும் அந்த உணர்ச்சியை நான் போற்றுகிறேன். ஆனால் கும்பிட்ட பின் நீர் வழிகின்ற தரைப்பாலத்தின்மேல் மோட்டார் சைக்கிளை விடுகிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

நொடிக்கு இரண்டு மீட்டர் வேகத்தில் ஓடும் நீர், விரைந்து நடக்கும் மனிதனின் வேகத்தைச் சற்றே மிஞ்சும் நீர், தனக்குக் குறுக்கே நிற்கும் பொருளின்மேல் சதுர மீட்டருக்கு 200 கிலோ எடைக்கு ஈடாக அழுத்துகிறது. காற்று இதே அழுத்தத்தைத் தரவேண்டுமானால் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் வீசவேண்டும். ஏனெனில் நீர் காற்றைப்போல் எண்ணூறு மடங்குக்கும் மேல் கனமானது. முழங்காலளவு நீர்தானே என்று இறங்குகிறவன் ஒரு கடும் புயலின் முன் காலை நீட்டுகிறான் என்று பொருள். காருக்குள் இருப்பவர் பத்திரமாக இருப்பதாக நினைப்பதும் பிரமையே. ஒரு டன் எடையுள்ள சிறு கார் ஒரு கன மீட்டர் நீரை விலக்கினால் மிதந்துவிடும். நான்கு மீட்டர் நீளமும் ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேல் அகலமும் உள்ள அதன் அடிப்பாகம் 16 சென்டிமீட்டர் முழுகினாலே அந்தக் கணக்குத் தீர்ந்தது. தரைக்கும் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி 17 சென்டிமீட்டர் என்று கொண்டால், சாலையின்மேல் 33 சென்டிமீட்டர் நீர், அதாவது ஒரு முழத்துக்கும் குறைவான நீர், சக்கரத்தைத் தரையிலிருந்து விடுவிக்கப் போதும். பிறகு வண்டி ஓட்டுகிறவர் கையில் இல்லை.

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் நிகழ்ந்தது இதற்கெல்லாம் பெரிய சாட்சி. குமரிக்கடலின் மேலே நின்ற ஒரு காற்றுச் சுழற்சி, புயல் என்ற பெயர்கூடப் பெறாதது, அருப்புக்கோட்டைக்கு நேர் தெற்கே 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. இந்தக் கரையோரத்தின் ஓராண்டு மழையைக் காட்டிலும் அதிகம் அது; ஒரு சதுர கிலோமீட்டருக்குக் கணக்கிட்டால் ஒன்பதரை லட்சம் டன் நீர். தாமிரபரணி கரை புரண்டது, கண்மாய்கள் உடைந்தன. 17-ஆம் தேதி இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு வண்டி, தண்டவாளத்தின் அடியிலிருந்த சரளைக்கல் அரித்துச் செல்லப்பட்டதனால் ஸ்ரீவைகுண்டம் நிலையத்திலேயே நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ 800 பிரயாணிகள். சிலர் அருகிலிருந்த பள்ளிக்கூடத்துக்கு மாற்றப்பட்டனர். ஏனையோர் சுற்றிலும் நீர் சூழ்ந்த ரயிலிலேயே இரண்டு இரவுகளைக் கழித்தனர். அக்கம்பக்கத்துச் சிற்றூர் மக்கள், தங்கள் வீடுகளே நீரில் நிற்கும்போது, சமைத்துக்கொண்டுவந்து அவர்களுக்குச் சோறு போட்டார்கள். தனுஷ்கோடி வண்டியையும் இந்த வண்டியையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, ஒன்றில் அத்தனை பேரும் மாண்டதற்கும் மற்றொன்றில் அத்தனை பேரும் பிழைத்ததற்கும் உரிய காரணங்களில் முதன்மையானது, இரண்டாவது வண்டி சரியான நேரத்தில் மேற்செல்லாமல் நின்றுவிட்டது என்பதே.

மார்கழிப் பனியைப் பற்றி ஒரு சொல் கூறிவிட்டு மேலே செல்லுகிறேன். வானம் தெளிந்து காற்று அடங்கிய பின்னிரவில் நிலம் தன் வெப்பத்தை விரைவாக இழக்கிறது. கண்மாயும் ஈரக் கரிசலும் தரும் ஆவி, மதுரை - தூத்துக்குடி நெடுஞ்சாலையின்மேல் மூடுபனியாக உறைந்து நிற்கும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி, ஈரச்சாலையில், ஓட்டுநர் கண்டு மிதிக்கும் ஒரு நொடியையும் சேர்த்து, நிற்பதற்கு 85 மீட்டர் வேண்டும். பனியிலோ 50 மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரிவதில்லை. பாதயாத்திரை செல்லுகின்றவர்கள் காவியும் பச்சையும் உடுத்து அந்த வேளையிலேதான் சாலையோரம் நடக்கிறார்கள். முதுகில் மின்னும் பட்டை ஒன்றை ஒட்டிக்கொள்ளாமல் ஒருவரும் நடக்கலாகாது. விடியும் வரையில் மடத்திலோ கோயில் மண்டபத்திலோ இருந்துவிட்டுப் புறப்படுவது அதனினும் மேல்.

வறண்ட நாட்டுக்கு வரும் அபாயம் அநேகமாக எப்போதும் வேறெங்கோ பிறந்தே வருகிறது. அந்தத் தூரமே நமக்கு அவகாசம் தருகிறது. புயலுக்கு அது நாட்கணக்கு. துறைமுகங்களில் ஏற்றப்படும் எச்சரிக்கைக் கூண்டுகளில் ஒன்றாம் எண் தொலைவில் புயல் இருப்பதையும், எட்டு முதல் பத்து வரையிலான எண்கள் பேரபாயத்தையும், பதினொன்று செய்தித் தொடர்பே அற்றுப்போனதையும் குறிக்கும். பாம்பனில் கூண்டு ஏறியது என்ற செய்தியைக் கேட்டதும் இராமேசுவரப் பிரயாணத்தை ஒத்திவைத்துவிட வேண்டும். இந்த அவகாசமும் சில சமயம் சுருங்கிவிடும்: 2017 நவம்பர் 30-ஆம் தேதி கன்னியாகுமரிக்கு அருகே ஒக்கி ஒரே நாளுக்குள் புயலாக வலுத்தபோது, அதற்குப் பல நாட்கள் முன்பே ஆழ்கடலுக்குப் போய்விட்ட மீனவர்களுக்குச் செய்தி எட்டவில்லை, நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை. செய்தி இருப்பது வேறு, அது உரியவன் காதில் விழுவது வேறு.

ஆற்றுக்கோ அவகாசம் மணிக்கணக்கு. சாப்டூர் மலைக்கும் திருச்சுழிக்கும் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். மனிதன் நடக்கும் வேகத்தில், மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வீதம் வெள்ளம் வந்தாலும், வளைந்து நெளிந்து வந்து சேர அரை நாளுக்கு மேல் ஆகும். மாலையில் மலையில் கொட்டிய மழை மறுநாள் காலையில், பெரும்பாலும் தெளிந்த வானத்தின் கீழே, எதிர்பாராத பிரவாகமாக இங்கே வருவதன் ரகசியம் இதுதான். அவ்வளவு நேரம் கையில் இருந்தும் தரைப்பாலங்களில் உயிர் போகிறதென்றால், அதை விதியின்மேல் போட்டுவிட்டுச் சும்மா இருப்பது தகாது. ஒவ்வொரு தரைப்பாலத்தின் ஓரத்திலும் அடி அளவு தெளிவாக எழுதிய கல் ஒன்று நிறுத்தி, இன்ன அளவுக்கு மேல் கடக்கக் கூடாது என்று சிவப்பில் கோடிடவேண்டும். இருபுறமும் பூட்டக்கூடிய தடுப்புக் கம்பி வேண்டும். மலையடிவாரத்து மழைமானியின் அளவு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டிய உடனே ஆற்றோரத்து ஊராட்சி ஒவ்வொன்றுக்கும் தொலைபேசியில் செய்தி வரவேண்டும். அந்தச் செய்தி வந்த இரவிலேயே, பால் வண்டியும் பள்ளிக்கூட வேனும் பூ ஏற்றிய வண்டியும் விடியற்காலையில் ஆற்றங்கரைக்கு வந்து சேருமுன், கம்பியைப் பூட்டிவிட்டு அங்கே காவலுக்கு இருவர் நிற்கவேண்டும்.